பாடநூல் மாறியது, பாடம் மாறியதா?

2011-ஆம் ஆண்டு (திருவள்ளுவராண்டு 2042) சூன் 15-ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறக்கப்பட்டன. திருவண்ணாமலையிலும் திறக்கப்பட்டன. மாணவர் வந்தனர், ஆசிரியர் வந்தனர், பாடநூல்கள் மட்டும் வரவில்லை. நூல்கள் அச்சாகாமல் இல்லை. அச்சாகிக் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டே இருந்தன. அவற்றைக் கொடுப்பதா, முன்னை நூல்களையே மீண்டும் அச்சிட்டுக் கொடுப்பதா என்பது வழக்காகி முறைமன்றத்தில் நின்றது. ‘பத்து நாள்களுக்குள் சமச்சீர்க் கல்வியைச் செயற்படுத்துக’ என்று உச்சமுறைமன்றம் ஆகத்து 9-ஆம் நாள் தீர்ப்பளிக்கும்வரை, ஏறத்தாழ எட்டுக் கிழமைகள், முதலாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒழிந்த எட்டு வகுப்புப் பிள்ளைகள் எந்நூலைக் கற்பது என்றறியாது அமர்ந்திருந்தனர். பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருந்த பிள்ளைகளும் அவருள் அடங்குவர்.

நூல் கைக்கு வந்த பின்னரேனும் ஆசிரியர் அதனை அமைதியாகப் படித்தாரா என்றால், அதுவும் இல்லை. அவர்க்கு முதலில் வாய்த்த பணி சில பக்கங்களின்மேல் தாள் ஒட்டுவதும், சில வரிகளை மையிட்டு மறைப்பதுமாகும். ஆட்சி மாறியிருந்தது, முன்னை முதலமைச்சரைப் பற்றியனவும் அவர் எழுதியனவும் பிள்ளைகளின் கண்ணிற் படலாகாது என்பது ஆணை. புதிய பாடத்திட்டத்தின் முதல் நாளன்று தமிழாசிரியர் கையில் எழுதுகோல் இல்லை, பசைக்கிண்ணம் இருந்தது!

இதனை இங்கு எடுத்துரைப்பது பழைய கட்சிப் பூசலைக் கிளறுதற்கன்று. பாடத்திட்டம் மாறுகின்றபோதெல்லாம் ஆள்வோரும், அலுவலரும், முறைமன்றத்தாரும், நூல் எழுதுவோரும், அச்சிடுவோரும் எண்ணப்படுகின்றனர். அப்பாடத்தை வகுப்பில் நின்று நடத்தவேண்டியவர் மட்டும் இறுதியில் எண்ணப்படுகின்றார், பலபோது எண்ணப்படுவதேயில்லை. அந்த எட்டுக் கிழமைகள் அவ்வுண்மையை எல்லார்க்கும் தெரியக் காட்டின, அவ்வளவே. மற்றை ஆண்டுகளில் அதே குறை ஓசையின்றி நடந்தேறுகின்றது.

சமச்சீர்க் கல்வியின் தோற்றுவாயை நினைவுகூர்தல் வேண்டும். 2006-இல் பேராசிரியர் முத்துக்குமரன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007-இல் தன் அறிக்கையைத் தந்தது. அரசுப் பாடத்திட்டம், மெட்ரிக்குலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு கூறாகக் கிடந்த பள்ளிக்கல்வியை ஒன்றாக்க வேண்டும் என்பது மட்டுமன்று அக்குழுவின் எண்ணம். தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 2010-இல் சட்டம் வந்தபோது பொதுப் பாடத்திட்டம் வந்தது, தாய்மொழிவழி வரவில்லை. விருந்துக்கு இலை போட்டுச் சோற்றை மறந்தாற்போன்ற செயல் இது. எனினும் நான்கு பிள்ளைகள் நான்கு வேறு நூல்களைக் கற்ற நிலை ஒழிந்ததே என்று தமிழன்பர்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் நூல் ஒன்றானதும் கல்வி ஒன்றாகிவிட்டதென்று நம்பியதே தவறு.

அடுத்து 2012-13-இல் முப்பருவ முறையும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடும் எட்டாம் வகுப்புவரை வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் வகுக்கப்பட்டது. ‘வளரறி’ என்னும் சொல்லாக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ‘ஊறுகாய்’ போல முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. ஆங்கிலத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாய்ப் பெயர்க்காமல் தமிழாக நின்று ஆக்கிய சொல். நோக்கமும் உயர்ந்ததே. ஆண்டிறுதியில் ஒருநாள் எழுதும் தேர்வினால் பிள்ளையை அளவாது, நாள்தோறும் அவன் கற்கும் வகையைக் கண்டு அளப்பது என்பது நல்லாசிரியர் எவரும் விரும்புவதேயாகும்.

நடந்தது யாது? நாற்பது ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் செயற்பாடு வேண்டும். அதற்குப் பதிவு வேண்டும். பதிவுக்கு ஏடு வேண்டும். ஆசிரியர் பிள்ளையைப் பார்ப்பதை விடுத்து ஏட்டைப் பார்க்கத் தொடங்கினார். ‘செயற்பாடு’ என்பது படம் வெட்டி ஒட்டுவதாயிற்று. தேரடித் தெருவுக் கடைகளில் மயிலும் மாங்காயும் பழந்தமிழ் மன்னரும் அச்சிட்ட படத்தாள்கள் விலைக்குக் கிடைத்தன. தந்தை வாங்கினார், தாய் ஒட்டினாள், பிள்ளை சுமந்து வந்தான், ஆசிரியர் மதிப்பெண் இட்டார். நாற்பதுக்கு முப்பத்தெட்டுக்குக் கீழே எவர்க்கும் இல்லை; இட்டால் தலைமையாசிரியர் கேட்பார், அலுவலர் கேட்பார். வளரறி மதிப்பீட்டில் வளர்ந்தது படத்தாள் வணிகம்!

ஆசிரியரைக் குறைகூறுதல் எளிது. எளிதாதலின் எல்லாரும் அதனைச் செய்கின்றனர். புதிய முறை அவர்க்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை எவரும் கேட்பதில்லை. சென்னையில் சிலர்க்குப் பயிற்சி. அவர் மாவட்டத்திற் சிலர்க்குக் கூறுவர். மாவட்டத்தார் ஒன்றியத்தார்க்குக் கூறுவர். ஒன்றிய வளமையத்தில் ஒருநாளோ இருநாளோ ஆசிரியர்க்குக் கூறப்படும். திருவண்ணாமலை மாவட்டம் ஏரிப்பாசன நாடு. மதகில் திறந்த நீர் கடைமடைக்கு எவ்வளவு வரும் என்பதை இங்குள்ள உழவர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. கடைமடை நிலம் காய்ந்ததற்குக் கடைமடை உழவன் மேல் எவரும் குற்றஞ் சாற்றார். கல்வித் துறையில் மட்டும் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பயிற்சி நாளும் ஆசிரியர்க்கு முழுமையாக வாய்ப்பதில்லை. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, விலையில்லாப் பொருள் வழங்கல், இணையத்தில் நாள்தோறும் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் என்று அவர் பொழுது பல கூறாகப் பங்கிடப்பட்டுள்ளது.

2018-19-இல் வந்த மாற்றம் முன்னையவற்றினும் பெரிது. பேராசிரியர் அனந்தகிருட்டிணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. அடுத்த ஆண்டிலேயே ஏனை வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. நூல்கள் நன்றாகவே இருந்தன. அதனை மறைப்பது அறமன்று. தாளும் அச்சும் படமும் உயர்ந்தன. தமிழ்நூல்களில் தொல்லியலும் கணினித் தமிழும் அயலகத் தமிழர் எழுத்தும் இடம்பெற்றன.

எனினும் ஏணியின் படிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2018-இல் ஒன்பதாம் வகுப்பில் புகுந்த பிள்ளை எட்டாம் வகுப்புவரை பழைய நூலைக் கற்றவன். பதினோராம் வகுப்பிற் புகுந்தவன் பத்தாம் வகுப்புவரை பழைய நூலைக் கற்றவன். புதிய பதினோராம் வகுப்பு நூலோ புதிய பத்தாம் வகுப்பு நூலின்மேல் எழுப்பப்படவேண்டியது. அந்தப் பத்தாம் வகுப்பு நூல் அப்போது மாணவர் கையில் இல்லை. நடுப்படிகளைப் பிடுங்கிவிட்டு மேற்படியில் காலை வை என்றால் பிள்ளை என் செய்வான்? உருப்போடுவான். அதைத்தான் செய்தான். முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறியிருப்பின் பன்னிரண்டாண்டு ஆகும் என்பர். தமிழ்கற்றல் சட்டம் அவ்வாறுதானே ஏறியது! 2006-07-இல் முதலாம் வகுப்பில் தமிழைக் கட்டாயமாக்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. இடையில் ஆட்சிகள் மாறின, வழக்குகள் வந்தன, சிறுபான்மை மொழியினர்க்கு விலக்குகளும் தரப்பட்டன. இருந்தும் அச்சட்டத்தின் ஏணியில் படி குறையவில்லை. மெல்ல ஏறியது நிலைத்தது. ஓராண்டில் தாவியது தடுமாறிற்று.

நூல் விரிந்த அதே காலத்தில் தேர்வு சுருங்கியதையும் இங்குக் குறித்தல் வேண்டும். மேனிலை வகுப்புகளில் 2018-19-இலும் பத்தாம் வகுப்பில் அதற்கடுத்த ஆண்டிலும் தமிழின் இரண்டு தாள்கள் ஒரே தாளாக்கப்பட்டன. பிள்ளையின் சுமை குறைந்தது என்றனர். குறைந்தது சுமை மட்டுமா? கட்டுரை எழுதவும் இலக்கணத்தை ஆளவும் இருந்த இடமும் குறைந்தது. வினாத்தாளில் இல்லாதது வகுப்பில் இராது என்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எழுதாச் சட்டம். பதினோராம் வகுப்புப் பாடத்தை அறவே விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்திய பள்ளிகளைத் திருத்துதற்கென 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டதும், 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு நீக்கப்பட்டதும் அதற்குச் சான்று. தேர்வை வைத்தால் சுமை. எடுத்தால் பாடமே இல்லை. நோய் தேர்விலன்று, தேர்வுக்காகவே கற்பிக்கும் மனப்போக்கில் இருக்கின்றது.

திருவண்ணாமலை மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். புதிய பத்தாம் வகுப்புத் தமிழ்நூலில் மலைபடுகடாம் பாடப்பகுதியாக உள்ளது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட அந்நூலின் பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. அதுவே இன்றைய செங்கம். அந்நூல் கூறும் சேயாறு இன்றைய செய்யாறு. நவிரம் என்னும் மலை கலசப்பாக்கத்திற்கு அப்பால் எழுந்து நிற்கும் பருவதமலை. (பருவதம் என்றாலும் மலைதான், ஆகவே ‘மலைமலை’ என்று அழைத்துக்கொண்டு, நவிரம் என்னும் அழகிய பெயரைத் தமிழன் தொலைத்திருக்கின்றான்! அண்ணாமலை ‘அருணாசலம்’ ஆனதும் இவ்வழியேதான்.) செங்கம் வட்டாரத்து நடுகற்கள் 1972-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையால் தொகுத்து வெளியிடப்பட்டன, நிரை மீட்டு மாண்ட மறவர் பெயர்கள் வட்டெழுத்தில் அங்குக் கிடக்கின்றன.

தமிழ்நாட்டில் வேறு எம்மாவட்டத்து மாணவனுக்கும் கிட்டாத பேறு இம்மாவட்டத்து மாணவனுக்கு உண்டு. பள்ளியின் பலகணியைத் திறந்தால் அவனது பாடம் வெளியே நிற்கின்றது. கூத்தர் நடந்த வழியும், வழிநடையில் தினைச்சோறு இட்டு விருந்து புறந்தந்த மலைச் சிற்றூர்களும் அவன் கண்முன் உள்ளன. ஆனால் எத்தனை வகுப்புகளில் ஆசிரியர் ‘அந்தச் செங்கண்மா இதுதான்’ என்று கூறுகின்றார்? கூறும் ஆசிரியர் உளர். அவரைத் தொழத்தான் வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் ‘செய்யுள் உணர்த்தும் கருத்து யாது?’ என்னும் வினாவும், ‘நோட்சு’ எனப்படும் விடையேட்டில் அதற்குரிய ஐந்து வரிகளுமே மலைபடுகடாமாக எஞ்சுகின்றன. ஒருநாள் பிள்ளைகளை நவிரமலை அடிவாரத்திற்கு அழைத்துச் செல்ல ஆசிரியர் விரும்பினும், இசைவு பெறுவதும் ஊர்தி அமர்த்துவதும் நாளை ஈடுசெய்வதும் அவரை மலைக்கச் செய்துவிடும். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பல நூறாயிரம் மக்கள் கூடும் ஊர் இது. விழாநாளில் பள்ளிகட்கு விடுமுறை. அரையாண்டுத் தேர்வும் அதனையொட்டியே வந்துவிடும். பாடத்துக்கு இத்தனை பாடவேளை என்று வகுத்த ஏட்டுக்கு இவ்வூரின் விழாவும் தெரியாது, முழுநிலா நாளின் மலைவலக் கூட்டமும் தெரியாது.

தமிழ்ப்பாடத்தின் நிலை இதுவென்றால் அறிவியற்பாடத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆக்சிசன், ஐதரசன் என ஒலிபெயர்த்து விட்டுவிட்ட குறை புதிய நூல்களில் உண்டு. அதனைக் கண்டித்தே ஆகவேண்டும். ஆனால் முடுக்கம், உந்தம், நிலைமம், ஈர்ப்பு, ஒளிச்சேர்க்கை எனப் பிள்ளையின் நாவில் இயல்பாய்ப் புரளும் சொற்களும் அங்கு நிறைய உள்ளன. வகுப்பிற் கேட்பது என்ன? ஆசிரியர் ‘ஆக்சிலரேசன்’ என்கின்றார். பிள்ளை தேர்வுத்தாளில் ‘முடுக்கம்’ என எழுதுகின்றான். வாய்க்கு ஒரு மொழி, தாளுக்கு ஒரு மொழி. ஆசிரியர்க்குத் தமிழ்மேல் வெறுப்பா? இல்லை. கல்லூரியில் அவர் இயற்பியலை ஆங்கிலத்திற் கற்றார். ‘முடுக்கம்’ என்னும் சொல்லைப் பள்ளியில் விட்டவர், ஆசிரியராகி வந்தபின் மாணவனோடு சேர்ந்தே மீண்டும் காண்கின்றார். தாம் தேறாத சொல்லைக் கொண்டு எவரும் விளக்க முடியாது. பாடநூலில் நூறு நல்ல தமிழ்ச்சொற்களை இட்டுவிட்டு, அச்சொற்களைப் பேசிப் பழக ஆசிரியர்க்குப் பத்து நாள் தராத திட்டம், சொற்களை நூலுக்குள்ளேயே அடக்கம் செய்துவிடும் திட்டமாகும்.

இதற்கு மாறாக நடந்ததும் தமிழர் வரலாற்றில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் என்பார் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர் நூல்களை மட்டும் மொழிபெயர்த்துத் தந்துவிட்டு அகன்றவரல்லர். கலைச்சொல் ஆக்கமும், நூலாக்கமும், அச்சொற்களைக் கொண்டே மாணாக்கரைப் பழக்குவதும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் நடந்தன. அயல்நாட்டான் ஒருவன் அறிந்த இம்முறையைத் தமிழ்நாட்டுக் கல்வித் துறை இன்னும் அறியவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒருமுறை மாற்றம் தடையின்றி நிறைவேறியிருக்கின்றது. 1978 அக்தோபரில் அரசு ஆணையால் 13 எழுத்து வடிவங்கள் மாற்றப்பட்டன. துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’யும் ‘ணை’யும் நீங்கின. அம்மாற்றம் சரியா தவறா என்பது வேறு; தமிழறிஞர்க்குள்ளேயே அதுபற்றி இருவேறு கருத்துண்டு. நடைமுறையில் அது நிலைத்தது. ஏன்? ஆசிரியர் அதனை ஒரு பொழுதில் கற்றுக்கொள்ள முடிந்தது. நூலும் செய்தித்தாளும் தெருப்பலகையும் ஒருசேர அதனைக் காட்டின. வகுப்பிற் கண்டதைப் பிள்ளை வெளியிலும் கண்டான். ‘முடுக்கம்’ என்னும் சொல்லை அவன் வெளியில் எங்குக் காண்கின்றான்? தொலைக்காட்சியிலா? கடைத்தெருவிலா? வீட்டிலா?

வீடு என்றவுடன் இன்னொன்றும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2013-14-இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. அதற்கு முன்னர், 1999-இல் ஐந்தாம் வகுப்புவரை தமிழே பயிற்றுமொழி என்று இட்ட ஆணையைச் சென்னை உயர்முறைமன்றம் 2000-இல் தள்ளியபோது தமிழமைப்புகள் கொதித்தெழுந்தன. அரசே தன் பள்ளியில் ஆங்கிலவழியைத் திறந்தபோது எழுந்த எதிர்ப்பில் அக்கொதிப்பின் பாதி இல்லை. ஏன் இல்லை? எதிர்க்க வேண்டியவர் பலர் தம் பிள்ளைகளை அதற்குப் பல்லாண்டு முன்னரே ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டிருந்தனர். மேடையில் தனித்தமிழ், வீட்டில் ‘மம்மி’ என்பது மாற்றார் செய்யும் ஏளனம் என்று தள்ளிவிட இயலாத அளவு மெய்யாகிவிட்டது. பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிய தந்தையே அப்பெயரை ஆங்கிலவழிப் பள்ளியின் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கின்றார். தமிழ்வழி அறிவியல்நூல் எவ்வளவு தூய தமிழில் இருந்தென்ன? படிப்பதற்குப் பிள்ளை இல்லையேல் அந்நூல் யாருக்கு?

அவர்கள் சொல்லும் கரணியங்களைக் கேளாமல் தள்ளுவதும் முறையன்று. ‘வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், உயர்கல்வி ஆங்கிலத்தில், பிள்ளை பின்தங்குவான்’ என்கின்றனர். தமிழ்வழியிற் கற்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 முதல் சட்டமாக உள்ளது. 2020-இல் அதனைத் திருத்தி இறுக்கவும் செய்தனர். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளும் கட்டாயமாயிற்று. இவற்றை அறியாத பெற்றோர் இன்னும் பலர். அவர்க்கு எடுத்துச் சொல்லும் பணி அரசின் பணி மட்டுமன்று. மாலையில் மன்றத்திற் கூடிச் சொல்லாராய்ச்சி நிகழ்த்துவோரின் பணியுமாகும்.

சவ்வாது மலையின் பழங்குடிப் பிள்ளைகளின் நிலை முற்றும் வேறு. அவர்க்கு ஆங்கிலவழியைத் தேர்ந்துகொள்ளும் ஆடம்பரம் இல்லை. தமிழ்வழிப் பள்ளியே அவர்தம் ஒரே பள்ளி. புதிய பாடநூலில் அச்சிட்ட விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியிற் காட்டினால் காணொளி தோன்றும் என்று நூல் சொல்கின்றது. அலை எட்டாத மலையூரில், கைப்பேசியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது கறுப்பு வெள்ளைக் கட்டம் இட்ட ஓர் ஓவியம். தமிழ்வழிக் கல்வியை உண்மையாகச் சுமந்து நிற்பவர் அப்பிள்ளைகளே. புதிய திட்டத்தின் நீர் இறுதியாகச் சென்று சேர்வதும் அவரிடத்திலேயே.

2025 ஆகத்தில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, ஓய்வுபெற்ற நடுவர் முருகேசன் தலைமையில் 2022-இல் அமைந்த குழுவின் உழைப்பிலிருந்து பிறந்தது. நடுவணரசின் மும்மொழித் திணிப்பை மறுத்து இருமொழிக் கொள்கையை அது உறுதி செய்கின்றது. அம்மட்டில் தமிழியக்கத்தார் அதனை வரவேற்றல் முறையே. ஆயினும் கொள்கை வந்தால் பாடத்திட்டம் மாறும். பாடத்திட்டம் மாறினால் நூல் மாறும். மீண்டும் ஒரு சூன் திங்களில் ஆசிரியர் கையில் புத்தம்புது நூல் ஒன்று திணிக்கப்படும் நாள் தொலைவில் இல்லை.

அந்நாளுக்கு முன்னர்க் கேட்கவேண்டியவை சில உள. புதிய நூலின் படி வகுப்புத் தொடங்குதற்கு ஆறு திங்கள் முன்னரே ஆசிரியர் கையில் இருத்தல் வேண்டும். அறிவியலாசிரியர்க்குத் தமிழ்க் கலைச்சொற்களில் பேச்சுப் பயிற்சி, ஏட்டுப் பயிற்சியாகவன்றி, தரப்படல் வேண்டும். வினாத்தாள் அமைப்பு நூலோடு உடன் வெளியாதல் வேண்டும். மாவட்டந்தோறும் அம்மண்ணின் இலக்கியமும் வரலாறும் பற்றிய ஒரு சிறுநூல் தமிழ்ப்பாடத்துடன் இணைதல் வேண்டும். இவற்றை எவரிடம் கேட்பது? அமைச்சரிடம் விண்ணப்பிப்பது ஒரு வழி. இன்னொரு வழி அருகிலேயே உள்ளது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் முக்காற்பங்கினர் பெற்றோர். அக்குழுவில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படுகின்றன, பேசத்தான் வேண்டும். ‘எங்கள் பிள்ளைக்கு மலைபடுகடாம் எவ்வாறு நடத்தப்பட்டது?’ என்று அங்குக் கேட்ட பெற்றோர் எத்தனை பேர்?

அவ்வாறு கேட்பதற்கு முதலில் அவர்தம் பிள்ளை அப்பள்ளியில், தமிழ்வழிப் பிரிவில், படித்துக்கொண்டிருத்தல் வேண்டும்.